பூஜை போட்ட மெஷின்

திரையில் பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. நகர்கிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அகல்யா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு டிசைன்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஏறும்போது அதனதன் பெயர் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. கொடி மாங்காய், ஜோடி அன்னம், வைர ஊசி, சின்ன ருத்ராட்சம். எல்லாம் அவள் வைத்த பெயர்கள். புடவையின் கரையும் முந்தியும் உடம்பில் வரும் புட்டாவும் இந்த மாடியறையில்தான் கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாக உருவாயின. போட்டவள் அகல்யா.

கீழே சுப்பராயலுவின் பட்டுக்கடை. பின்னால் தறிக்கொட்டகை. தறிகளுக்கு மேலே ஒரு எலக்ட்ரானிக் பெட்டி உட்கார்ந்திருக்கும். அகல்யா போடும் டிசைனைப் பென் டிரைவில் கொண்டுபோய் அந்தப் பெட்டியில் செருகினால் தறி அதன்படி இழையைத் தூக்கிக் கொடுக்கும். புடவை இறங்கியதும் சுப்பராயலுவின் மகன் சரவணன் தானே வந்து பெட்டியிலும் பென் டிரைவிலும் இருப்பதை அழித்துவிட்டுப் பென் டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். ஆரணியில் ஒரு கடையின் டிசைன் அடுத்த கடைக்குப் போக ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அந்தப் பயத்தில் மாடி மெஷினுக்கு அவன் இன்டர்நெட்டே கொடுக்கவில்லை. டிசைன்கள் இருந்த இடம் உலகத்தில் இந்த ஒரு கம்ப்யூட்டர்தான்.

அதைத்தான் இப்போது மாற்றப்போகிறார்கள். கீழே பில் போடும் மெஷினில் ஆடி மாதத்திலிருந்தே அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் டென்னுக்கு அக்டோபர் பதினாலோடு சப்போர்ட் முடிகிறது, அதன்பிறகு பாதுகாப்புக்கான அப்டேட் எதுவும் வராது என்றது. சரவணன் ஒவ்வொரு முறையும் அதை மூடிவிட்டு வேறு வேலை பார்த்தான். அகல்யா சொன்னாள். ஆவணியிலும் சொன்னாள். கடைசியில் ஆடிட்டர் போன் போட்டு, இந்த மெஷினில் பேங்க் வேலையும் ஜிஎஸ்டியும் பார்த்து ஏதாவது ஆனால் என்னிடம் வராதே என்று சொன்னபிறகுதான் அவனுக்கு விழிப்பு வந்தது. அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. கடையிலிருந்த மூன்று மெஷினும் பழசு, புது விண்டோஸ் அவற்றில் ஏறாது. மூன்றையும் எடுத்துக்கொண்டு மூன்று புதுசு தரும் தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஒன்றைப் பிடித்தான்.

அப்புறம் எல்லா வேலையும் அகல்யாவின் தலையில் விழுந்தது. பில் போடும் சாஃப்ட்வேர் புது மெஷினில் ஓடுமா என்று விசாரித்தாள். டிசைன் சாஃப்ட்வேர் விற்ற கோயம்புத்தூர்க்காரர்களை விடாமல் போனில் பிடித்து அதன் லாக்கைப் புது மெஷினுக்கு மாற்றிக்கொடுக்க வைத்தாள். பிரிண்டர், பார்கோடு மெஷின், கணக்கு, எல்லாவற்றையும் சரிபார்த்தாள். டிசைன்களைக் காப்பி எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனது. அது அவள் கைக்கு வந்தது ஆயுத பூஜை அன்று காலையில். பழைய மெஷின் நத்தையாக நகர்ந்தது.

சாயங்கால வெயில் ஜன்னலில் ஏறியபோது படிக்கட்டில் வளையல் சத்தம் கேட்டது. சரவணனின் அம்மா சுபலட்சுமி தாம்பாளத்தோடு வந்தாள். சந்தனம், குங்குமம், கதம்பம், பொரி. பின்னாலேயே சரவணன்.

"இன்னும் அணைக்கலியா நீ?" என்றாள் சுபலட்சுமி.

"பாதி கெடக்குதும்மா. ராத்திரிக்குள்ள முடிஞ்சிடும். அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கட்டும், நீங்க பொட்டு வைங்க."

ஓடுகிற மெஷினுக்கு எந்த ஊரில் பூஜை போடுகிறார்கள் என்று சுபலட்சுமி கேட்டாள். ஆயுத பூஜை என்றால் ஆயுதத்துக்கு ஓய்வு. கொட்டகையில் தறிகள் எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து நிற்கின்றன, இது மட்டும் என்ன உசத்தி என்றாள். சரவணன் செல்போனில் மணி பார்த்தான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் அகல்யா. ஆஃப் பண்ணு."

"சார், பாதிதான் ஏறியிருக்குது. பழைய டிசைன்லாம் வந்துடுச்சி. புதுசு எதுவும் ஏறல. நல்லா கேட்டுக்குங்க, பாதிதான்."

"கேட்டுது, கேட்டுது. ஜல்தி. நல்ல நேரம் போவுது."

பூஜை முடிந்ததும் மறுபடி போட்டுவிட்டு, முடிகிறவரை இருந்து மூடிவிட்டுப் போகிறேன் என்று அகல்யா கேட்டுப் பார்த்தாள்.

"பூஜ போட்டப்புறம் நாளைக்கு மறுபூஜை முடிஞ்சிதான் கை வெக்கணும்" என்றாள் சுபலட்சுமி. சொல்லும்போது அவள் பார்த்தது கம்ப்யூட்டரை அல்ல. அகல்யாவின் கையை.

அகல்யா நிறுத்தினாள். ஒயரைக் கழற்றி, கீபோர்டின் இடுக்குகளில் சேர்ந்திருந்த ஜரிகைத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி உலர்ந்த துணியால் துடைத்துச் சுத்தமாகக் கொடுத்தாள். கொடுத்ததும் கீழே போகச் சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் பூஜை நடக்கும்போது கடையைப் பார்த்துக்கொள்ளக் கீழே ஒரு ஆள் வேண்டும் என்பார்கள். அந்த ஆள் எப்போதும் அகல்யாதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர் எது என்று கேட்டபோது சேத்துப்பட்டு ரோட்டில் இறங்கவேண்டிய பஸ் ஸ்டாப்பைச் சொன்னாள். ஊருக்குள்ளேயா, தள்ளியா என்று சுபலட்சுமி அடுத்த கேள்வியிலேயே தெருவைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து அப்படித்தான். விற்பனைப் பெண்கள் கலைமகளும் லீலாவும் மாடியேறினார்கள். மேலே மணி அடித்தது. அகல்யா கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். வருஷம் முழுக்க அந்த மெஷினைத் தொட்டு இவர்களுக்குச் சோறு போடுகிற விரல்கள் ஒரு சாயங்காலத்துக்கு ஆகாமல் போகின்றன. பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். பழகவில்லை.

ஆனால் டிசைன்களைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. பூஜை போட்ட எதையும் மறுநாள் ஒரு தடவையாவது ஓட்டாமல் யாரும் விடமாட்டார்கள். தறி என்றால் கொஞ்சம் நெய்து நிறுத்துவார்கள். தராசு என்றால் ஒரு கட்டு நூலையாவது நிறுப்பார்கள். அவள் புருஷன் குணா ஓட்டுகிற ஷேர் ஆட்டோவுக்கும் அதே வழக்கம்தான், விஜயதசமியன்று யாருமே ஏறாவிட்டாலும் கடைத்தெருவரை வெறுமனே ஓட்டிவிட்டு வருவான். நாளைக்குக் காலையில் மறுபூஜை முடிந்து மாடி மெஷினைப் போடுவார்கள், விட்ட இடத்திலிருந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று ஹார்ட் டிஸ்கை மேஜை டிராயரில் வைத்திருந்தாள். அந்த வீட்டின் வழக்கத்தை அந்த வீட்டுக்காரர்களைவிட அதிகமாக நம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது கல்லாவில் புது மெஷின் இருந்தது. கறுப்பு நிறம், நடுவில் சந்தனப் பொட்டு. ஒட்டின பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. பழசு எங்கே என்று கலைமகளைக் கேட்டாள்.

"வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்கக்கா. விடிகாலைல நல்ல நேரமாம், அதுலியே புதுச எறக்கிட்டாங்க. சாமி கும்பிட்டது புது மெஷினுக்குத்தான்."

"மாடில இருந்ததுமா?"

"மூணும்."

அகல்யா படியேறிய வேகத்தில் ஒரு செருப்பு கீழேயே தங்கிவிட்டது. மாடியறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தென்னரசு தரையில் மண்டியிட்டு ஒயர் செருகிக்கொண்டிருந்தார். வேலூரிலிருந்து வந்து இந்தத் தெருவில் பாதிக் கடைகளுக்கு வேலை பார்க்கிறவர். பழைய மெஷினை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். சரவணன் சார் பொழுது விடிவதற்குள் வரச் சொன்னார், எல்லாம் எடுத்தாச்சா என்று கேட்டேன், அகல்யா எடுத்துட்டா என்றார். டிசைன் வெளியே போய்விடக்கூடாது என்று மூன்று டிஸ்கையும் இங்கேயே அழிக்கச் சொன்னார். சும்மா அழித்தால் போதாது, எவனும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கணும் என்று, முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார்.

அகல்யா டிராயரைத் திறந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் புது மெஷினில் செருகினார். பழைய டிசைன்கள் இருந்தன. கொடி மாங்காய் இருந்தது, ஜோடி அன்னம் இருந்தது. கடைசி இரண்டு வருஷத்தில் போட்டது ஒன்றுகூட இல்லை. தை முகூர்த்தத்துக்கு வெளியூர்க் கடைகள் கேட்டிருந்ததெல்லாம் அந்தப் பாதியில்தான். தீபாவளிக்கு மறுநாளே தறியில் ஏற்றவேண்டியவை.

தென்னரசு மெதுவாக எழுந்து நின்றார்.

"மேடம், இந்த மாடி மெஷினுக்கு நெட்டே கெடையாதே. வெளிய இருந்து எதுவும் உள்ள வரப்போறதில்ல. இத மாத்தாமலே வெச்சிருக்கலாம். நான் அவருகிட்ட சொன்னேன். மூணு குடுத்தாத்தான் ஆஃபர்ன்னாரு."

"இத கீழ வந்து சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டினார்.

கீழே கல்லாவில் சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் புதுக் குங்குமம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் மகனைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை அங்கேயே நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சரவணன் அதை நிற்கவிடவில்லை.

"முடிஞ்சிதான்னு கேட்டேம்பா. முடிஞ்சிதுன்னா. அத வெச்சித்தான் அனுப்பனேன்."

நேருக்கு நேராக, முகம் பார்த்து, இவ்வளவு சுலபமாக ஒரு மனுஷனுக்குப் பொய் வருமா? பாதிதான் என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன், கேட்டுது கேட்டுது என்றீர்கள் என்றாள். அவன் இல்லை என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அம்மா இருந்தாங்க மொதலாளி. அம்மாதான் நிறுத்தச் சொன்னாங்க. அவங்களையே கேளுங்க."

எல்லோரும் சுபலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் சாமி படத்துக்கு வைத்த பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரியாக இருந்த பூவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"எனக்கு கம்ப்யூட்டர பத்தி இன்னா தெரியும்? பூஜைக்கு நேரமாவுதுன்னேன். பாதியா முழுசான்னு நான் இன்னாத்த கண்டேன்."

தென்னரசு கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அகல்யா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குச் சொன்னதை நான் செய்தேன் சார் என்றார். உடனே ஒயர் கட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினார். இந்தத் தெருவில் அவர் நாளைக்கும் வேலை பார்க்கவேண்டும்.

சரவணன் கல்லாமேஜையில் விரலால் தட்டிக்கொண்டே அடுத்ததைச் சொன்னான்.

"புதுசா மட்டும் எப்பிடிப்பா காணாம போவும்? பழசுலாம் பத்திரமா இருக்குது. கேக்கறவங்க புதுசத்தானே கேப்பாங்க. அந்தப் பாதி வேற எங்கியாவது போயிருக்குதான்னு பாக்கணும்."

லீலா மடித்த புடவையை மறுபடி மடித்தாள். அவன் சொன்னதன் அர்த்தம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். டிசைனைத் திருடி விற்றவள் என்று ஒரு பெண்ணுக்குப் பேர் வந்துவிட்டால் ஆரணியில் எந்தப் பட்டுக்கடையிலும் அவளை மாடியேற விடமாட்டார்கள். அகல்யாவுக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். அது இந்த ஊரில்தான் இருக்கிறது.

சுப்பராயலு நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். காணாமல்போன டிசைனில் நெய்த புடவைகள் கடையிலும் கிடங்கிலும் இருக்கின்றன. அவற்றை வைத்துத் தீபாவளிக்குள் மறுபடி போட்டுத் தரவேண்டும். போட்டால் வேலையில் இருக்கலாம். அதுவரை சாயங்காலம் வெளியே போகும்போது கலைமகள் அவள் பையைப் பார்த்து அனுப்பவேண்டும். திட்டவில்லை, கத்தவில்லை. ஏதோ பெரிய மனசு பண்ணிவிட்ட முகத்தோடு மெஷினைப் பார்க்கத் திரும்பினார்.

வீட்டில் குணாவிடம் சொன்னபோது அவன் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றான். அகல்யா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்படியானால் அந்த வேலையைத் தூக்கிப் போடு, ஊரில் வேறு கடையா இல்லை என்றான்.

"இப்ப நின்னுட்டா, திருடிட்டு ஓடிட்டான்னு ஆயிடும். அவன் வாயில வந்தத நானே நெசமாக்கணுமா?"

வேறு கடையும் இல்லை. போன வருஷம் மண்டி வீதிக் கடைக்காரர் ஒருவர் எங்களிடம் வந்துவிடு என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தார். அவருக்குப் போன் போட்டாள். உங்க விஷயம் அங்க ஒரு முடிவுக்கு வரட்டும்மா, அப்புறம் பார்க்கலாம் என்றார். விடிந்து பொழுது சாய்வதற்குள் பேச்சு அவர்வரை போய்விட்டிருந்தது.

அகல்யா உட்கார்ந்தாள். கிடங்கிலிருந்து ஒவ்வொரு புடவையாக மாடிக்கு வந்தது. கண்ணாடி மேஜையில் முந்தியை விரித்து, கீழே லைட்டைப் போட்டு, இழை எண்ணும் லென்ஸைக் கண்ணில் வைத்து எண்ணினாள். எண்ணியதைத் திரையில் கட்டமாகப் போட்டாள். மறுபடி குனிந்தாள். ஜரிகை வெளிச்சம் கண்ணில் குத்தித் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் பட்டால் புடவை வீணாகும் என்று முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டு குனிந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் சோறு பிசைய விரல்கள் மடங்கவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டாள். ஒரு மொட்டை எங்கே வளைத்தோம் என்று சில சமயம் லென்ஸ் வைப்பதற்கு முன்பே கைக்கு ஞாபகம் வந்துவிடும். அப்போது கோபம் இன்னும் அதிகமாக வந்தது. தான் பெற்றதைத் தானே திருட்டுப் பொருளைப்போலக் காப்பியடித்துக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்த புடவை உடனே கீழே விற்பனைக்குப் போய்விடும். தீபாவளி வியாபாரம் நிற்கக்கூடாதல்லவா.

சாயங்காலம் பை. முதல் நாள் கலைமகள் ஜிப்பைத் திறந்து கையை விட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள். காது சிவந்திருந்தது. அப்புறம் அவள் திறப்பதாகக் காட்டிவிட்டு மூடிவிடுவாள். ஆனால் வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள். தெரிந்த நெசவாளிகள் கூலிக்கு வந்து நின்றபடி பார்ப்பார்கள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், உங்கள் கடையில் டிசைன் களவு போனதாமே, யார் என்று தெரிந்ததா என்று கேட்டாள். அகல்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினாலாம் தேதி வந்து போனது. ஒன்றும் ஆகவில்லை. கீழே பில் ஓடியது, பேங்க் வேலை நடந்தது. பட்டு வியாபாரிகள் கூட்டத்தில் சரவணன் எழுந்து, கடைசி நேரத்தில் அவதிப்படாமல் நாங்கள் முன்கூட்டியே தயாராகிவிட்டோம், திட்டம் போட்டுச் செய்தால் ஒரு நாள் வியாபாரம்கூடக் கெடாது என்று பேசினானாம். கைதட்டினார்கள் என்று லீலா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் கடைசி டிசைன் முடிந்தது. எருக்கம்பூ முந்தி. அவள் போட்டதிலேயே அவளுக்குப் பிடித்தது. அந்தப் புடவையை மடித்துக் கீழே அனுப்பிவிட்டு, எல்லா டிசைனையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினாள். பச்சைக் கோடு இந்த முறை விர்ரென்று ஓடி முடிந்தது. இரண்டையும் சரவணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் திறந்து பார்த்தான். ஒன்று குறையாமல் இருந்தது. சரி என்றான்.

"சார், ஒண்ணே ஒண்ணு. கீழ எல்லாரும் இருக்கும்போது, அகல்யா எதையும் எடுத்துகினு போவலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"அதான் வேலைல வெச்சிக்கினு இருக்கேனே. இன்னும் இன்னா?"

"வேல குடுத்தீங்க. பேர எடுத்துகினீங்களே."

அவன் முகத்தில் வெட்கம் ஏதாவது தெரிகிறதா என்று அவள் தேடினாள். போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே போய்விட்டான்.

மாடியில் பையை எடுக்கப் போனபோது சுபலட்சுமி அங்கே காத்திருந்தாள். கையில் கடைப் பை, உள்ளே புடவை. தீபாவளிக்குக் கட்டிக்கோ என்று நீட்டினாள். மற்ற பெண்களுக்குக் கொடுத்ததைவிட உசத்தியான புடவை. அந்த உசத்தி எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"எனக்குப் பொடவ வேணாம்மா. அன்னிக்கி நான் பாதின்னு சொன்னது ஒங்களுக்கு நெனவிருக்குதா?"

சுபலட்சுமி கீபோர்டின் மேலிருந்த ஒரு நூல் துணுக்கை எடுத்துக் கீழே போட்டாள்.

"இருக்குதுன்னு கீழ வந்து சொல்லுங்க. போதும்."

"அவன் எம்புள்ளடி" என்றாள் சுபலட்சுமி. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னாள். "நாலு பேர் முன்னாடி அவன எப்பிடி நான் பொய்யனாக்கறது?"

"என்னிய மட்டும் ஆக்கினீங்களே."

சுபலட்சுமி புடவைப் பையை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். அகல்யா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கீழே நிற்க இடமில்லை. சென்னையிலிருந்து கார் பிடித்து வந்த கூட்டம். கண்ணாடி மேஜை நெடுகப் புடவைகள் விரிந்து கிடந்தன. கலைமகள் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போங்கக்கா என்றாள். அகல்யா போகவில்லை. பையைத் தூக்கி மேஜையில் வைத்தாள்.

"பாரு."

"வேணாங்கா. நீங்க போங்க."

"நீ பாக்காம உட்டா நாளைக்கு ஒம்பேரையும் சேத்து சொல்லுவாங்க."

கலைமகளின் கை வரவில்லை. அகல்யா தானே ஜிப்பை இழுத்தாள். குடையை எடுத்து வைத்தாள். தண்ணீர் பாட்டில், சீப்பு, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, மடித்த கைக்குட்டை. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், கண்ணாடியில் டக் டக்கென்று சத்தம் வரும்படி வைத்தாள். கூலிக்கு வந்து ஓரமாக நின்ற நெசவாளிகள் பார்த்தார்கள். பையைக் கவிழ்த்து உதறினாள். உள்ளே எதுவும் இல்லை.

இரண்டு முழம் தள்ளி, சரவணன் ஒரு அம்மாவுக்கும் பெண்ணுக்கும் புடவை காட்டிக்கொண்டிருந்தான். பெண்ணுக்குத் தையில் கல்யாணமாம். எருக்கம்பூ முந்தி அவள் தோளிலிருந்து மேஜைவரை வழிந்து கிடந்தது. அவளுக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பூவின் வளைவின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, இதை யார் வரைஞ்சது என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர்மா" என்றான் சரவணன். "இப்பத்தான் புது மெஷின் எறக்கனோம். எல்லாம் அதுவே போட்டுக்கும். கையால எவன் ஒக்காந்துகினு இருக்கான் இந்தக் காலத்துல?"

அகல்யாவின் பையில் இருந்ததில் மிச்சம் டிபன் பாக்ஸ் ஒன்றுதான். அது அவள் கையில் இருந்தது. மூடியைத் திருகித் திறந்து, உள்ளே எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்து, மேஜையில் வைத்தாள். அடியில் நாலு பருக்கை ஒட்டியிருந்தது.

கல்யாணப் பெண்ணின் அம்மா புடவையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்து மடியில் அள்ளிக்கொண்டாள்.

"பட்டும்மா. கறையானா போகாது" என்றாள். "டப்பாவ அந்தப் பக்கம் தள்ளி வை."